கப்பலும் திமிங்கிலமும் ஒரே முனையில்

இலங்கையின் தெற்குக் கரையில் மிரிஸ்ஸ என்று ஒரு மீன்பிடித் துறைமுகம் இருக்கிறது. போன பிப்ரவரியில் அண்ணன் குடும்பத்தோடு அங்கே போயிருந்தேன். காலை ஆறரை மணிக்குப் படகு ஏறினோம். எண்ணெய் ஊற்றி வைத்தது போலக் கடல் அசையாமல் கிடந்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் தெற்கே போன பிறகு, தூரத்தில் ஒரு வெள்ளைத் தூண் எழும்பிக் கலைந்தது. நீலத்திமிங்கிலம் மூச்சு விடுகிறது என்றார்கள். அப்புறம் முதுகு தெரிந்தது. ரயில் கடந்து போகிற மாதிரி அது வந்துகொண்டே இருந்தது, முடிகிற பாடில்லை. கடைசியில் வாலை மேலே தூக்கிவிட்டு நேர் கீழே இறங்கிவிட்டது.

வால் மறைந்த இடத்துக்குப் பின்னால் ஒரு சரக்குக் கப்பல் போய்க்கொண்டிருந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று. அடிவானம் முழுக்கக் கப்பல்கள்தான். பதினொரு வயசு அண்ணன் மகன் கேட்டான்:

"சித்தப்பா, இவ்ளோ பெரிய கடல்ல, கப்பல் போற எடத்துலயே வந்து ஏன் நிக்குது? வேற எடமே கெடைக்கலயா அதுக்கு?"

"சாப்பாடு இங்கதான் கெடைக்குது போல."

"ஏன் இங்க மட்டும் கெடைக்குது?"

எனக்குத் தெரியவில்லை. ஊருக்கு வந்ததும் ஆய்வுக் கட்டுரைகளைத் தேடி வாசிக்க ஆரம்பித்தேன். அவன் கேட்டவை இரண்டு கேள்விகள். இரண்டுக்கும் பதில் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்று தெரிந்துகொள்ள இரண்டு மாதம் ஆனது. மறப்பதற்குள் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில், நீலத்திமிங்கிலம் இங்கே சாப்பிடுகிறது என்பதே பாடப்புத்தகத்துக்கு முரணான விஷயம். பெரிய பலீன் திமிங்கிலங்கள் துருவத்தை ஒட்டிய குளிர்ந்த கடலில் கோடையெல்லாம் தின்று கொழுக்கும், குளிர்காலத்தில் வெப்பக் கடலுக்கு வந்து குட்டி போடும், அங்கே ஏறக்குறையப் பட்டினி கிடக்கும். நாம் படித்தது இது. வட இந்தியப் பெருங்கடலின் நீலத்திமிங்கிலங்கள் அப்படிச் செய்வதில்லை. வருடம் முழுக்க வெப்பக் கடலிலேயே இருக்கின்றன. 2003-இல் ஓர் ஆய்வுக் கப்பலில் இருந்த இலங்கை உயிரியலாளர் அஷா டி வோஸ், தெற்குக் கரைக்கு அப்பால் ஆறு நீலத்திமிங்கிலங்கள் கூடியிருப்பதையும், தண்ணீரில் செங்கல் சிவப்பாக ஏதோ மிதப்பதையும் பார்த்தார். திமிங்கிலத்தின் சாணம். பட்டினி கிடக்கிற விலங்கு எப்படிச் சாணம் போடும்? அவருடைய பல வருட வேலை அந்தச் சிவப்புத் திட்டிலிருந்துதான் தொடங்கியது.

பின்னாளில் அந்தச் சாணத்தின் டி.என்.ஏ.வைப் பிரித்துப் பார்த்தார்கள். 2018-இல் முடிவு வந்தது. மற்ற கடல்களில் நீலத்திமிங்கிலத்தின் உணவு கிரில். இங்கே பெரும்பாலும் செர்ஜெஸ்டிட் என்ற குட்டி இறால் வகை. பெயர் அந்நியமாகத் தெரியலாம். ஆனால் நம் கடற்கரை ஊர்களில் காயவைத்து விற்கும் கூனி இருக்கிறதே, அதுவும் இந்தக் குடும்பம்தான். உலகத்தின் மிகப் பெரிய விலங்கு கூனியின் ஒன்றுவிட்ட உறவுக்காரர்களைத் தின்று வாழ்கிறது!

இங்கே ஒரு கணக்கைப் புரிந்துகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் மற்றது எதுவும் பிடிபடாது.

நீலத்திமிங்கிலம் மேய்வதில்லை, பாய்கிறது. இறால் கூட்டத்தை நோக்கி வேகமெடுத்து, வாயைத் திறக்கிறது. தொண்டை மடிப்புகள் விரிந்து, தன் எடைக்கு ஈடான தண்ணீரை ஒரே வாயில் அள்ளுகிறது. பிறகு வாயை மூடி, பலீன் தகடுகள் வழியாகத் தண்ணீரை வெளியேற்றி, மாட்டிய இறாலை விழுங்குகிறது. திறந்த வாய் பாராசூட் மாதிரி வேகத்தைக் கொன்றுவிடும். அடுத்த பாய்ச்சலுக்கு மறுபடி முதலிலிருந்து வேகமெடுக்க வேண்டும். இவ்வளவையும் மூச்சடக்கி, பெரும்பாலும் நூறு மீட்டருக்கும் கீழே செய்ய வேண்டும். ஆக ஒவ்வொரு வாய்க்கும் பெரிய செலவு இருக்கிறது. அள்ளிய தண்ணீரில் இறால் நெருக்கமாக இருந்தால் லாபம், சிதறிக் கிடந்தால் நஷ்டம். வடகிழக்குப் பசிபிக்கில் அளந்தபோது, உணவுப் பருவத்தில் ஒரு நீலத்திமிங்கிலம் நாளொன்றுக்குச் சுமார் 16 டன் கிரில் தின்கிறது என்று 2021-இல் கணக்கு வந்தது. கடலில் மொத்தம் எவ்வளவு இறால் இருக்கிறது என்பதில் அதற்கு அக்கறையே இல்லை. ஒரு கன மீட்டரில் எவ்வளவு என்பதுதான் அதன் ஒரே கேள்வி.

அப்படியானால் இறாலை யார் நெருக்கி வைப்பது? நீரோட்டம்தான். தூத்துக்குடிப் பக்கம் மீனவர்கள் நீவாடு என்பார்கள், அழகான சொல். நீரோட்டம் என்றாலே நாம் ஒரு சாலையை நினைத்துக்கொள்கிறோம், விலங்குகள் அதில் ஏறிப் போவதாக. நான் வாசித்தவரை, திமிங்கிலத்துக்கு நீரோட்டம் சாலையைவிட அடுப்படியாகத்தான் அதிகம் பயன்படுகிறது.

கடலின் மேல்தண்ணீரில் வெளிச்சம் உண்டு, உரம் இல்லை. கீழே உரம் உண்டு, வெளிச்சம் இல்லை. செத்ததும் கழிந்ததும் எல்லாம் கீழே விழுந்து மட்கி, நைட்ரேட்டும் பாஸ்பேட்டுமாக இருட்டில் கிடக்கும். வெப்பமண்டலக் கடலில் சூடான மேல்தண்ணீர் லேசாக இருப்பதால், பாலின் மேல் ஆடை போல மூடிக்கொண்டு கீழேயுள்ளதை மேலே விடாது. சுற்றுலா விளம்பரத்தில் வருகிற பளிங்கு நீலக் கடல் உண்மையில் பசித்த கடல். நுண்பாசி இல்லாததால்தான் அவ்வளவு தெளிவு. அந்த ஆடையைக் கிழித்துக் கீழ்த்தண்ணீரை மேலே கொண்டுவர ஒரு விசை வேண்டும்.

இலங்கைக்கு அந்த விசையைத் தருபவை பருவக்காற்றுகள். யாழ்ப்பாணத்தார் வழக்கில் சொன்னால் சோளகமும் வாடையும். சோளகம் வீசும் மாதங்களில் தெற்குக் கரையை ஒட்டிக் காற்று மேற்கிலிருந்து கிழக்காக ஓடுகிறது. பூமி சுழல்வதால், வட அரைக்கோளத்தில் காற்று தள்ளும் மேல்தண்ணீர் காற்றோடு நேராகப் போகாமல் வலப்பக்கம் ஒதுங்கும். கிழக்கே பார்த்து நின்றால் வலப்பக்கம் தெற்கு, அதாவது திறந்த கடல். மேல்தண்ணீர் கரையை விட்டு விலக, காலியான இடத்தை நிரப்பக் கீழேயிருந்து குளிர்ந்த, உரமுள்ள தண்ணீர் ஏறுகிறது. செயற்கைக்கோள் படத்தில் தெற்குக் கரை பச்சையாகத் தெரியும். ஒழுங்கான கதை.

சிக்கல் வாடையில் வருகிறது. காற்று அப்படியே திரும்பி, கிழக்கிலிருந்து மேற்காக வீசும். இப்போது வலப்பக்கம் வடக்கு, அதாவது கரை. மேல்தண்ணீர் கரையில் வந்து குவிய வேண்டும். குவிந்தால் கீழே அமுங்கும், மேலே வராது. படத்திலும் அப்படித்தான்: அந்த மாதங்களில் மேற்பரப்பில் பச்சை குறைவு. ஆனால் மிரிஸ்ஸவில் திமிங்கிலம் பார்க்கும் பருவமே அதுதான், டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை! நாங்கள் போனதும் பிப்ரவரியில்தான். வயல் காய்ந்திருக்கும்போது விருந்துக்குக் கூட்டம் எப்படி வந்தது?

(சோளகத்தில் கடல் கொந்தளிப்பதால் படகுகளே போவதில்லை. அதனால் அப்போது திமிங்கிலம் இல்லை என்று யாராலும் சொல்ல முடியாது. பார்க்கப் போகாததும் இல்லாததும் ஒன்றல்ல. ஆனாலும் வாடையில் அவை இருப்பது கண்ணால் கண்டது. அதற்கு விளக்கம் வேண்டும்தானே.)

அஷா டி வோஸ், சரித்த பட்டியாராச்சி, விஜேரத்ன மூவரும் 2014-இல் வெளியிட்ட கட்டுரை நேராக இந்தப் புதிரிலிருந்துதான் தொடங்குகிறது. 2010 முதல் 2012 வரையிலான மூன்று ஆண்டுகளுக்கு, இலங்கையைச் சுற்றிய நீரோட்டங்களைக் கணினி மாதிரியில் ஓடவிட்டுப் பார்த்தார்கள். தீவுக்கும் பூமத்திய ரேகைக்கும் நடுவே, சோளகத்தில் நொடிக்கு 115 லட்சம் கன மீட்டர் தண்ணீர் கிழக்கே போகிறது. வாடையில் திசை மாறி, நொடிக்கு 96 லட்சம் கன மீட்டர் மேற்கே போகிறது. உலகத்தின் எல்லா ஆறுகளும் சேர்ந்து கடலில் கொட்டுவது நொடிக்குச் சுமார் 12 லட்சம்தான். வாடையின் நீரோட்டம் மட்டுமே அதைப்போல எட்டு மடங்கு.

இவ்வளவு தண்ணீரின் குறுக்கே ஒரு தீவு நின்றால், கரையோரத்தில் விசித்திரங்கள் நடக்கும். அவர்கள் கண்டது இது: காற்று எந்தப் பருவமாக இருந்தாலும், மேற்குக் கரையோரமும் தண்ணீர் தெற்கே இறங்குகிறது, கிழக்குக் கரையோரமும் தெற்கே இறங்குகிறது. இரண்டும் தெற்குக் கரையில் வந்து சந்திக்கின்றன.

தேரோட்டத்தன்று கிழக்கு வீதிக் கூட்டமும் மேற்கு வீதிக் கூட்டமும் தெற்கு வீதியில் எதிரெதிரே முட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று யோசித்தேன். பின்னால் சுவர், முன்னால் திறந்த மைதானம். எல்லாரும் மைதானத்துக்குள் தள்ளப்பட்டுப் பரவுவார்கள். தண்ணீரும் அதையே செய்கிறது. சந்தித்த இரண்டு ஓட்டமும் கரையை விட்டுத் திறந்த கடலுக்குத் திரும்பிப் பரவுகின்றன. பரவும் இடத்தில் மேலே தண்ணீர் போதாமல் போக, கீழ்த்தண்ணீர் ஏறுகிறது. வாடைக்காற்று எதிர்த்தாலும் தெற்குக் கரையில் உரம் மேலே வருவது இப்படித்தான். சந்திப்பு ஒரே இடத்தில் நிற்பதும் இல்லை. சோளகத்தில் மேற்குக் கரை ஓட்டம் பலமானது, சந்திப்பைக் கிழக்கே தள்ளும். வாடையில் கிழக்குக் கரை ஓட்டம் பலமானது, மேற்கே தள்ளும்.

அப்படியானால் செயற்கைக்கோளுக்கு ஏன் பச்சை தெரியவில்லை? அது கடலின் தோலைத்தான் பார்க்கிறது. உரம் மேற்பரப்பு வரை வராமல், வெளிச்சம் எட்டும் அடித்தட்டு வரை வந்தால் போதும், பாசி அங்கேயே வளரும், மேலிருந்து பார்க்கிறவருக்குத் தெரியாது. இன்னொன்று, நேர வித்தியாசம். பாசி சில நாளில் பெருகிவிடும். அதைத் தின்று இறால் கூட்டம் சேர வாரங்கள் ஆகும். அதற்குள் நீரோட்டம் எல்லாவற்றையும் நகர்த்தியிருக்கும். சமையல் ஓரிடம், பந்தி வேறிடம். இந்த இடத்தில் கடலடியின் அமைப்பும் உதவுகிறது. தென்கோடியில் கண்டத்திட்டு மிகக் குறுகல். கொஞ்ச தூரத்திலேயே தரை செங்குத்தாக இறங்கிவிடும். அந்த விளிம்பை ஒட்டித்தான் திமிங்கிலங்கள் அதிகம் காணப்படுகின்றன. நாங்கள் பார்த்த திமிங்கிலம் வாலைத் தூக்கி நேர் கீழே போனதன் அர்த்தம் எனக்கு அப்புறம்தான் புரிந்தது. பந்தி கீழ்த்தளத்தில்.

இந்தத் தெற்குக் கரை அவற்றின் ஒரே பந்தியும் அல்ல. சோளகக் காலத்தில் சோமாலியா, ஓமான் கரைகளில் இதைவிடப் பல மடங்கு பெரிய அளவில் கீழ்த்தண்ணீர் ஏறுகிறது. சார்ல்ஸ் ஆண்டர்சன் தலைமையில் ஒரு குழு, கண்ணில் பட்டவை, கரை ஒதுங்கியவை, வேட்டையாடப்பட்டவை என்று பதிவுகளையெல்லாம் சேர்த்து 2012-இல் ஒரு வருடச் சுற்றைக் கோடு போட்டுக் காட்டியது: பல திமிங்கிலங்கள் சோளகத்தில் அரபிக்கடலின் மேற்கே இருக்கின்றன, டிசம்பர் வாக்கில் மாலத்தீவைக் கடந்து கிழக்கே வருகின்றன, ஏப்ரல், மே மாதங்களில் திரும்புகின்றன. (இதே ஆண்டர்சன்தான் தும்பிகள் பருவக்காற்றில் ஏறி இந்தியப் பெருங்கடலைத் தாண்டுகின்றன என்று சொன்னவர். மனிதருக்குப் பருவக்காற்றின் மேல் ஒரு பைத்தியம்.) அந்த வேட்டைப் பதிவுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1963 முதல் 1966 வரை சோவியத் கப்பல்கள் சட்டத்துக்குப் புறம்பாக இந்தக் கடலில் சுமார் 1,300 நீலத்திமிங்கிலங்களைக் கொன்றன. அவை எங்கே கூடும் என்று அந்தக் கப்பல்களுக்கும் தெரிந்திருந்தது.

இனி அண்ணன் மகனின் முதல் கேள்வி: கப்பல் போகிற இடத்தில் ஏன்?

செங்கடலிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூர், சீனா பக்கம் போகும் கப்பல் இலங்கையைத் தாண்ட வேண்டும். பாக் நீரிணை வழியாகப் பெரிய கப்பல் போக முடியாது, சேதுத் திட்டுகளில் ஆழம் சில மீட்டர்தான். ஆகவே தீவைத் தெற்கே சுற்ற வேண்டும். சுற்றுகிறவர் முனையை எவ்வளவு ஒட்டித் திரும்புகிறாரோ அவ்வளவு எரிபொருள் மிச்சம். அந்த முனை தேவேந்திரமுனை. இலங்கையின் மிக உயரமான கலங்கரை விளக்கம், 49 மீட்டர், அங்கேதான் நிற்கிறது. கப்பல்கள் முட்டிக்கொள்ளாமலிருக்க அந்த முனைக்கு அப்பால் போக ஒரு தடம், வர ஒரு தடம் என்று கடலிலேயே கோடு போட்டு வைத்திருக்கிறார்கள்.

அதே பாக் நீரிணை பருவ நீரோட்டத்துக்கும் போதாது. நொடிக்கு ஒரு கோடி கன மீட்டர் தண்ணீர் அந்தச் சந்துக்குள் நுழைய முடியுமா? அதுவும் தீவைச் சுற்றித்தான் போக வேண்டும். எனவே தண்ணீரும் கப்பலும் ஒரே காரணத்துக்காக ஒரே முனையில் திரும்புகின்றன. தண்ணீர் திரும்பும் இடத்தில் இறால் சேர்கிறது, இறால் சேரும் இடத்தில் திமிங்கிலம் சேர்கிறது. யாரும் யாருடைய வழியிலும் தெரிந்து வந்து நிற்கவில்லை.

2012 மார்ச்சில் ஒரு சரக்குக் கப்பல் கொழும்புத் துறைமுகத்துக்குள் நுழைந்தபோது, அதன் முகப்பில் ஒரு நீலத்திமிங்கிலத்தின் உடல் மடிந்து கிடந்தது. அந்தப் படத்தைத் தேடிப் பார்க்கச் சொல்ல மாட்டேன். முகப்பில் மாட்டிக்கொள்வது அபூர்வம். மோதப்பட்ட திமிங்கிலம் பெரும்பாலும் மூழ்கிவிடும், எண்ணிக்கையில் வராது. இவ்வளவு பெரிய விலங்கு விலகாதா என்று எனக்கும் தோன்றியது. கலிபோர்னியாவில் கருவி பொருத்திக் கவனித்தபோது, கப்பல் நெருங்கினால் நீலத்திமிங்கிலம் பக்கவாட்டில் ஒதுங்கவே இல்லை என்று தெரிந்தது. சில சமயம் மெதுவாகக் கொஞ்சம் கீழே இறங்கும், அவ்வளவுதான். அதன் பரிணாம வரலாற்றில் பெரும்பகுதி, தன்னைவிடப் பெரிதாக எதுவும் தன்மேல் வந்து மோதியதில்லை.

இடத்தை மாற்றிக்கொள்ளுமா? அதுவும் சந்தேகம்தான். கலிபோர்னியாவில் 60 நீலத்திமிங்கிலங்களைப் பத்து ஆண்டுகள் தொடர்ந்த ஓர் ஆய்வு 2019-இல் வந்தது. அந்தந்த வருடத்து உணவு நிலவரத்தைவிட, பல வருடச் சராசரியை ஒட்டியே அவை பயணப்பட்டன. கிட்டத்தட்ட ஞாபகத்தை நம்பிப் போகின்றன. இலங்கைத் திமிங்கிலங்களுக்கு இது அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. பொருந்தினால், கப்பல் எவ்வளவு கூடினாலும் அவை பழைய பந்தியைத் தேடித்தான் வரும்.

நல்ல செய்தியும் ஒன்று உண்டு. 2016-இல் வெளியான ஓர் ஆய்வு, கடலில் குறுக்கும் நெடுக்கும் போய்த் திமிங்கிலங்களை எண்ணி, கப்பல் தடங்களோடு ஒப்பிட்டது. கப்பல்கள் 15 கடல் மைல் தெற்கே தள்ளிப் போனால் மோதல் அபாயம் 95 சதவீதம் குறையும் என்று கணக்கிட்டது. 15 கடல் மைல் என்றால் 28 கிலோமீட்டர். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பயணத்தில் அது பெரிய சுற்றே அல்ல. இவ்வளவு சின்ன நகர்த்தல் இவ்வளவு பலன் தருவதற்குக் காரணமும் நீரோட்டம்தான் என்று நினைக்கிறேன். இது என் சொந்த வாசிப்பு, கட்டுரையில் இப்படி எழுதியிருக்கவில்லை. சந்திப்பு நகர்வது கரையோடு கிழக்கும் மேற்குமாகத்தான். கண்டத்திட்டின் விளிம்பும் கரையோடு ஓடுவதுதான். ஆகவே பந்தி நீளமாக, ஆனால் ஒடுக்கமாகக் கிடக்கிறது. நீளவாட்டில் விலக முயன்றால் முடியாது. குறுக்காகக் கொஞ்சம் விலகினால் போதும்.

2022-இல் எம்.எஸ்.சி. என்ற பெரிய கப்பல் நிறுவனம் தன் கப்பல்களை இப்படித் தெற்கே தள்ளி ஓட்டத் தொடங்கியது. அது ஒரு நிறுவனத்தின் விருப்பம். எல்லாக் கப்பலுக்கும் பொருந்தும்படி கோட்டையே நகர்த்த வேண்டுமென்றால், கரைக்குச் சொந்தக்கார அரசு சர்வதேசக் கடல்சார் அமைப்பிடம் முன்மொழிய வேண்டும். விருப்பத்தால் நகர்ந்தவர் நாளைக்கே திரும்பி வரலாம், கோடு நகர்ந்தால் அப்படி வர முடியாது.

இதையெல்லாம் வாசித்த பிறகு, அன்று எடுத்த படத்தை மறுபடி திறந்து பார்த்தேன். நடுவில் வால், பின்னால் கப்பல். நாங்கள் தெற்கே பார்த்து நின்றிருந்தோம். கப்பலின் முகப்பு படத்தில் வலப்பக்கம், அதாவது மேற்கே போகிறது. கப்பல்கள் வலப்பக்கம் ஒதுங்கிப் போகும் வழக்கம். எனவே மேற்கே போகிறவருக்குக் கரைக்கு நெருங்கிய தடம். அண்ணன் மகனுக்குப் படத்தில் இரண்டு கோடு வரைந்து வாட்ஸப்பில் அனுப்பினேன்: தடம் இங்கே, 15 மைல் அங்கே. கொஞ்ச நேரம் கழித்து அவனிடமிருந்து வந்தது, "அந்த ரெண்டாவது கோடு படத்துலயே இல்லயே சித்தப்பா, கடலுக்கு அந்தப் பக்கம் போயிடுச்சே." ஆமாம், அடிவானத்துக்கு அப்பால்தான் இருக்கிறது.